யார் கையில் தூரிகை?

சிராங்கூன் சாலையில் சாமிப் படம் விற்கிற கடைகளில் தொங்கும் லட்சுமியையும் சரஸ்வதியையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஜரிகையும் பளபளப்பும் காலத்துக்குக் காலம் கூடியிருக்கும். ஆனால் அந்த முகவெட்டும் புடவைக் கட்டும் பெரும்பாலும் ராஜா ரவி வர்மா (1848–1906) வழி வந்தவைதான். 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம், கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் தெய்வங்களைக் கொண்டுபோனது. ஓவியர் பெயர் நமக்குத் தெரியும். அந்த முகத்துக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்த பெண் யார்?

இந்தக் கேள்வியைத் தொட்ட படம் கேதன் மேத்தாவின் 'ரங் ரசியா'. ரஞ்சித் தேசாய் மராத்தியில் எழுதிய நாவலைத் தழுவியது. 2008இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததோ 2014 நவம்பரில். ரவி வர்மாவாக ரந்தீப் ஹூடா, மாடல் சுகந்தாவாக நந்தனா சென்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது நந்தனா சென் மட்டும்தான். அசையாமல் இருப்பதும் ஒரு வேலை, அதற்கும் உழைப்பு வேண்டும் என்பதை உடம்பாலேயே காட்டுகிறார். ஆனால் கேமரா அவரை எப்படிப் பார்க்கிறது? கலைச் சுதந்திரம் பற்றி நீதிமன்றத்தில் நீளமா வாதாடுகிற படம், சுகந்தாவின் சம்மதத்தைப் பற்றி அதில் பாதிகூடப் பேசுவதில்லை. அவமானம் வந்ததும் ஓவியருக்கு வழக்கும் வசனமும் கிடைக்கின்றன. அவளுக்குக் கிடைப்பது தற்கொலை. அவளைத் தெய்வமாக்கியது, பிறகு கொன்றது, இரண்டுமே அவனுடைய கதைக்காக.

நடிகைக்கு நடந்ததும் கவனிக்க வேண்டியது. 'பிளாக்' (2005) படத்தில் ராணி முகர்ஜியின் தங்கையாக வந்து கவனம் பெற்றவர் நந்தனா சென். பெரிய வேடம் என்று வந்தது சுகந்தாதான். அது ஆறு வருஷம் திரைக்கு வராமல் கிடந்தது. வந்தபோதும் பேச்சு முழுக்க நிர்வாணக் காட்சியைப் பற்றித்தான் இருந்தது, நடிப்பைப் பற்றி இல்லை. இடையில் 'ஆட்டோகிராஃப்' (2010) மாதிரி சில படங்கள். பிறகு எழுத்துப் பக்கம் போனார். குழந்தைகளுக்கு எழுதுகிறார், அம்மா நபனீதா தேவ் சென்னின் வங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பார்க்கப்படுகிற இடத்திலிருந்து எழுதுகிற இடத்துக்கு நகர்ந்ததாகத்தான் இதை நான் வாசிக்கிறேன்.

இது இந்திய வியாதி மட்டும் இல்லை. பிரெஞ்சுப் படமான 'ரெனுவார்' (2012), ஓவியர் ரெனுவாரின் கடைசி மாடல் ஆந்த்ரேயைக் காட்டுகிறது. 1915, தென் பிரான்ஸ், வெயில், தோல். கண்ணுக்குக் குறையே இல்லை. நிஜ ஆந்த்ரே, ஓவியர் இறந்த சில வாரங்களில், 1920 ஜனவரியில், அவருடைய மகன் ழான் ரெனுவாரைக் கல்யாணம் செய்துகொண்டார். கேத்தரின் ஹெஸ்லிங் என்ற பெயரில் ழானின் மௌனப் படங்களில் நாயகியானார். 'நானா' (1926) படச் செலவுக்காக ழான் அப்பாவின் ஓவியங்களை விற்றார். 1931இல் 'லா ஷியென்' நாயகி வேடம் வேறொருவருக்குப் போனது, இருவரும் பிரிந்தார்கள். ழான் உலகம் கொண்டாடும் இயக்குநர் ஆனார். ஹெஸ்லிங் சில வருஷங்களில் திரையை விட்டே போய்விட்டார். 1979இல் இருவரும் இறந்தார்கள். சொல்ல வேண்டிய கதை இதுதான் இல்லையா? ஆனால் அவர் நடிகையாவதற்கு முன்பே 'ரெனுவார்' முடிந்துவிடுகிறது.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் இரண்டே நிறுத்தம், சிட்டி ஹால். அங்கே தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் ஜார்ஜெட் சென்னின் சுயஉருவப்படம் இருக்கிறது. ஏறத்தாழ 1946இல் வரைந்தது. யாரையும் மயக்கப் பார்க்காத, நம்மையே அளந்து பார்க்கிற முகம். பாரிஸில் படித்தவர், 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர், ரம்புத்தானை அவ்வளவு அக்கறையா வரைந்தவர். 2015இல் சானல் நியூஸ் ஏஷியா அவரைப் பற்றி ஒரு ஆவண நாடகம் ஒளிபரப்பியது. மாண்டரின் தொடர்களின் நட்சத்திரம் ருய் என் அவராக நடித்தார். அந்த வடிவத்துக்கே உரிய பாடப்புத்தக வாசனை அதில் உண்டு, மறுக்கலை. ஆனாலும் ஒரு வித்தியாசம் முக்கியம். இங்கே நடிகை வரைபவளாக வருகிறாள், மாடலாக இல்லை. முன்னாள் சீன வெளியுறவு அமைச்சரின் மனைவி என்பது அவள் வாழ்க்கையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

மாடலாக இருந்தவளையும் அப்படிப் பார்க்கலாம். ரவி வர்மாவுக்கு உருவம் தந்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் அஞ்சனிபாய் மால்பேகர். அவர் பெண்டிபஜார் கரானா பாடகி. குமார் கந்தர்வாவும் கிஷோரி அமோன்கரும் அவரிடம் கற்றார்கள். 1958இல் சங்கீத நாடக அகாடமியின் ஃபெல்லோ ஆனார். அவர் தற்கொலை செய்துகொள்ளவில்லை. தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். அவரைப் பற்றி யாராவது படம் எடுக்கட்டும். அதில் ரவி வர்மா நாலு காட்சிக்கு வந்துவிட்டுப் போனால் போதும்.