அத்தைப் பாட்டிக்கு ஒரு ஜன்னல்: கேரவனில் முசிறியும் நாகப்பட்டினமும்

எங்கள் வீட்டில் பழைய ஊர், பழைய பெயர், பங்காளி வகையறா எல்லாம் தெரிந்தவர் இப்போது ஒருவர்தான்: என் தாத்தாவின் தங்கை. வயது எண்பத்தைந்து. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழிப்பறை வேண்டும். திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து முசிறிப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. காரில் உட்கார அவரால் முடியும். வழியில் இறங்கி ஒதுங்க இடம் இல்லை என்பதால்தான் வரமாட்டேன் என்பார்.

மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் சித்தப்பா, தன் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று தெரிந்துகொள்ள வருகிறேன் என்று சொன்னபோது, அத்தைப் பாட்டியை விட்டுவிட்டுப் போவதில் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் கேரவன் வாடகைக்கு எடுத்தோம். மலை, கடற்கரை என்று சுற்றப்போகிறவர்கள் பார்க்கும் விஷயங்களை நான் அதிகம் பார்க்கவில்லை. வயதான ஒருவரை உட்காரவைத்து, சொந்தக்காரர் வீடுகளுக்கும் பழைய ஊர்களுக்கும் போய்வர இந்த வண்டி உதவுமா? அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோர்ஸ் டிராவலர் வேனை அடித்தளமாக வைத்து, வெளியே ஒரு பட்டறையில் உள்வேலை செய்த வண்டி இது. 2.6 லிட்டர் டீசல் என்ஜின், 115 குதிரைத்திறன். நீளம் ஆறு மீட்டருக்குக் குறையாது. கூரையில் ஏசியும் சோலார் தகடுகளும் இருப்பதால் உயரம் மூன்று மீட்டரை நெருங்குகிறது. உள்ளே பெல்ட் உள்ள இருக்கைகள் நான்கு, பின்னால் ஒரு கட்டில், பக்கவாட்டில் சோபா, சின்னச் சமையல் மேடை, ஃபிரிட்ஜ், மடக்கு மேசை, கழிப்பறை. புதூரில் எங்கள் தெருவுக்குள் இது திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்தி, பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து ஏற்றினோம்.

ஏற்றும்போதே முதல் குறை தெரிந்தது. படி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பிடித்து ஏறக் கைப்பிடி ஒரு பக்கம்தான். இளவட்டங்களுக்கு இது கண்ணிலேயே படாது. பாட்டிக்காக வீட்டிலிருந்து ஒரு மரமுக்காலியை எடுத்துப்போனோம். பயணம் முழுக்க அதுதான் படி. கீழே மடங்கி இறங்கும் இரும்புப் படி ஒன்றை எந்த லேத் பட்டறையிலும் செய்துவிடலாம். இத்தனை வசதி வைத்தவர்கள் அதை ஏன் விட்டார்கள் என்று புரியவில்லை.

பஞ்சப்பூரில் பைபாஸைப் பிடித்து, முதலில் பொன்மலை ஜி கார்னர் பக்கம் நிறுத்தினோம். எங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது. முசிறிப் பக்கத்து கிராமத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928-இல் பொன்மலைக்கு மாறியபின், அண்ணனுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவர்தான் பாட்டியின் அப்பா. தம்பி ஒரு கங்காணியின் பேச்சை நம்பி மலாயா போனார். சித்தப்பா அந்தத் தம்பியின் பேரன். பட்டறை மதிலைக் கண்டதும் பாட்டி பேச ஆரம்பித்தார். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அன்று பாட்டி சின்னப் பிள்ளை. கதவைச் சாத்திவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்ததும், அப்பா இருட்டியபிறகு வந்ததும் நினைவிருக்கிறது என்றார். இதை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த இடத்தில்தான் இந்த வண்டியின் பெரிய குறையும் தெரிந்தது. மதிலைப் பார்க்க அவர் சோபாவிலிருந்து எழுந்து நிற்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வருவது பலகை. ஜன்னல் அதற்கு மேலே, கறுப்புக் கண்ணாடியும் திரையுமாக இருக்கிறது. நம்மூரில் கேரவன் சினிமாப் படப்பிடிப்புக்காக வளர்ந்த வண்டி. உள்ளே இருப்பவரை வெளியே நிற்பவர்கள் பார்க்கக் கூடாது என்பது அதன் முதல் தேவை. பட்டறைக்காரர்கள் அதே அளவுகளை அப்படியே பின்பற்றுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது நேர்மாறு. வாய்க்கால், அரசமரம், பழைய சாவடி, இடிந்த ரைஸ்மில் என்று எது கண்ணில் பட்டாலும் வயதானவருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஜன்னல் இல்லாவிட்டால் பாதிப் பயணம் வீண். கடைசியில் டிரைவருக்குப் பின்னால் இடப்பக்கம் இருந்த பெல்ட் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்தோம். அங்கே மட்டும் வேனின் பழைய ஜன்னலை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதுதான் இந்த வண்டியிலேயே நல்ல இடம்.

கழிப்பறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இது கேசட் வகை: இருக்கைக்கு அடியில் 20 லிட்டர் அளவுள்ள பெட்டி, வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து உருவி எடுக்கலாம். குறுகலான அறைதான், ஆனால் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்து எழ முடிகிறது. பாட்டிக்கு அதுவே வசதியாக இருந்தது. வழியில் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறவர் அன்றைக்குத் தைரியமாகக் குடித்தார். ஆனால் முதலில் அவர் கேட்ட கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஏம்ப்பா, கக்கூஸு இருக்கிற வண்டிலயா சாமி கும்புடப் போறது?" பூஜைக்கூடை, பன்னீர், மாலை எல்லாவற்றையும் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் வைத்து, நடுவில் திரையை இழுத்துவிட்டபிறகுதான் சம்மதித்தார். குலதெய்வம் கும்பிடப் போகிற எந்தக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி வரும். முன்னும் பின்னும் பிரிக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பெட்டியைக் காலி செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தங்கும் வீட்டின் கழிப்பறையிலேயே ஊற்றிக் கழுவலாம். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து போட்டால் அந்த வீட்டு செப்டிக் டேங்கில் இருக்கும் நல்ல நுண்ணுயிர் செத்துவிடும். உயிரி நொதி வகைத் திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேலையை டிரைவர் தலையில் கட்டாதீர்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று டிரைவர் சொன்னபோது மனசு வலித்தது. நம் வீட்டுப் பெரியவர் பயன்படுத்தியதை நாம்தான் சுத்தம் செய்ய வேண்டும். நானும் சித்தப்பாவும் மாறி மாறிச் செய்தோம். ஐந்து நிமிட வேலை.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் இந்த உயரத்தோடு நுழைய முயலவே வேண்டாம். கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரை சாலை யாத்ரி நிவாஸ் பக்கம் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிப்பதுதான் நல்லது. அம்மா மண்டபத்தில் சித்தப்பா தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தார். மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயர் சொன்னார், தாத்தா பெயர் சொன்னார், மூன்றாவதுக்கு நின்றுவிட்டார். படிக்கட்டுக்கு மேலே நாற்காலியில் இருந்த பாட்டிதான் அந்தப் பெயரைச் சொன்னார். ஈப்போவில் யாருக்கும் தெரியாத பெயர் அது.

அங்கிருந்து நம்பர் 1 டோல்கேட், நொச்சியம், குணசீலம் வழியாக முசிறி. காவிரியின் வடகரைச் சாலை. இந்தப் பாதையில் பின்கட்டிலைச் சோதித்தேன். கட்டில் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அந்தப் பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். வண்டி ஓடும்போது அதில் யாரும் படுக்கக் கூடாது, பக்கவாட்டு சோபாவில் பெல்ட் இல்லாமல் உட்காரவும் கூடாது. ஆக, கேரவனில் படுத்துக்கொண்டே போகலாம் என்ற கணக்கு தப்பு. அரை மணி நிறுத்தி, கால் நீட்டிப் படுத்து, பிறகு கிளம்பலாம். பாட்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குலதெய்வக் கோயில் பூசாரி வீட்டில் தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருந்தார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவார்கள். வம்சம் தேடுகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று என்று ஆரம்பிப்பார்கள்; பதிவுத் துறையின் இணையதளத்தில் இல்லாத பழைய வில்லங்கத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி எடுக்க வேண்டும். கப்பலேறிய கூலிக்காரர் பெயரில் நிலப் பத்திரம் இருக்கவும் வாய்ப்பு குறைவு. வரி நோட்டில் அவர் பெயர் இருந்தது. தம்பி மலாயா போனபிறகும் அவர் பெயருக்கு நேரே வரி கட்டியதாகக் குறிப்பு தொடர்ந்து வருகிறது, கட்டியவர் அண்ணன். சித்தப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே மடக்கு மேசை கைகொடுத்தது. நோட்டையும் சட்டம் போட்ட பழைய போட்டோக்களையும் யாரும் வெளியே கொடுக்கமாட்டார்கள். வாசலில் நிற்கும் வண்டிக்குள் எடுத்துப்போனால் மட்டும் சரி என்கிறார்கள். கூடவே ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஸ்கேனரும் லேப்டாப்பும் மிகக் கொஞ்சம் மின்சாரம் இழுப்பவை, நாள் முழுக்க ஓட்டலாம். போட்டோவை 600 டிபிஐ அளவில் எடுத்தால் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. சட்டத்தோடு சேர்த்து, வெளிச்சம் அடிக்காத கோணத்தில் செல்போனில் படம் எடுங்கள்.

பேச்சைப் பதிவு செய்ய ஒயர் இல்லாத காலர் மைக் ஒன்று வாங்கியிருந்தேன். ஓடும் வண்டியில் டீசல் சத்தத்தையும் தாண்டிக் குரல் தெளிவாக விழுகிறது. ஏசியின் காற்று வாய் நேரே அடித்தால்தான் கெடுகிறது. ஏசியை நிறுத்திவிட்டுப் பேசவிட வேண்டும்; திருச்சி வெயிலில் ஏசி இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது.

ஏசிக் கணக்கை, வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. மொத்தம் இரண்டரை யூனிட். கூரை ஏசி முழுவேகத்தில் மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். கூரையில் இருக்கும் 400 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாள் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு யூனிட்டைத் தாண்டுவது கடினம். இரவு முழுக்க ஏசி என்றால் வெளிமின்சாரம் வேண்டும். கிராமத்து வீடுகளில் பெரிய பிளக் பெரும்பாலும் ஒன்றுதான், அதில் ஃபிரிட்ஜோ மோட்டாரோ இருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வண்டியைச் செருகாதீர்கள். நாங்கள் போனது மாசி மாதம், இரவில் மின்விசிறி போதுமானதாக இருந்தது. சித்திரை வைகாசியில் இந்த பேட்டரியை நம்பிப் போகமாட்டேன்.

சமையல் மேடையை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே சமைத்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை அவர்களுக்கு இல்லை. படுக்கையும் அப்படித்தான். "வாசல்ல வண்டிக்குள்ள படுத்தீங்கன்னா ஊர்ல என்னைய என்ன சொல்லுவாங்க?" என்று முசிறி மாமா கேட்டபிறகு எல்லோரும் அவர் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும்தான் படுத்தோம். அந்த மேடையைக் கழற்றிவிட்டு, அங்கே பெல்ட்டோடு இன்னொரு இருக்கையும் கூடுதல் தண்ணீர்த் தொட்டியும் வைக்கலாம். வெந்நீருக்கு ஒரு கெட்டில் போதும்.

முசிறியிலிருந்து திரும்பி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுவது 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரையிலும், அடுத்த ஆண்டு திருச்சி வரையிலும் போட்ட ரயில்பாதை. தம்பி கப்பலேறப் போனது அந்தப் பாதையில்; அண்ணனுக்கு வேலை கொடுத்த பட்டறை திருச்சிக்கு வந்து சேர்ந்ததும் அதே நாகப்பட்டினத்திலிருந்து. சித்தப்பா இதை வரைபடத்தில் பார்த்திருந்தாலும், ஜன்னலில் தண்டவாளம் கூடவே வந்தபோதுதான் உறைத்தது என்றார். பினாங்குக்குப் போன கப்பல்கள் நாகையில் கரையோரம் அணையமுடியாமல் தள்ளி நின்றன. பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அப்படி ஓடிய ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல், எழுபதுகள் வரை இந்தத் தடத்தில் இருந்தது. மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர் போவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. தம்பி போனது அதற்கு முன்பு. எந்தக் கப்பல் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. கடற்கரையில் பாட்டி வண்டியைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, முக்காலியில் காலை ஊன்றி, தன் அப்பா தம்பியை வழியனுப்ப இங்கே வரை வந்ததாகச் சொல்லக் கேட்டதை மைக்கில் சொன்னார்.

ஓட்டுவதில் சிரமம் இல்லை. நாற்கரச் சாலையில் 80-க்கு மேல் போக மனசு வராது, போகவும் வேண்டாம். எங்களுக்கு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கிடைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருப்பதால் கார் லைசென்ஸே போதும். வாடகை வண்டிக்கும் அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உள்வேலை செய்த வேன்களில் ஆர்.சி.யைக் கட்டாயம் பாருங்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுப் பதிவில் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

இரண்டு மூன்று பேர் இளவயதுக்காரர்கள் சொந்த ஊர் தேடிப் போவதாக இருந்தால் கேரவன் தேவையில்லை. கார் மலிவு, எல்லாத் தெருவுக்குள்ளும் நுழையும். வீட்டுப் பெரியவர் கூட வருவதாக இருந்தால் மட்டும் கேரவன் வாடகையைத் தயங்காமல் கொடுக்கலாம். சித்தப்பா ஆடி அமாவாசைக்கு மறுபடி வருகிறார், இந்தமுறை அவருடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு. இடப்பக்க ஜன்னலை ஒரு சாண் இறக்கி, கறுப்புத் தாளை உரித்து, வாசலில் இரும்புப் படி போட்டுத் தருவதாக வண்டிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாட்டி அதற்குள் துறையூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப்போன தன் அத்தை வகையில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.