கற்ற பின் மறுத்தவர்

தத்துவம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவரில் இரு சாரார் இரு திசையில் ஓடக் காண்கிறோம். ஒரு சாரார் அதனை வழிகேடு என்று ஒதுக்குகின்றனர். மறு சாரார் அதன் பெயருக்கே மயங்கி நிற்கின்றனர். இருவரும் அதனைக் கற்றவர் அல்லர் என்பதொன்றே அவர்களிடையே உள்ள ஒற்றுமை. இவ்விரு சாராருக்கும் 900 ஆண்டுகளுக்கு முன்னரே மறுமொழி எழுதி வைத்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். தம் அறிவுப் பயணத்தைத் தாமே விவரித்து அவர்கள் இயற்றிய 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் சிறுநூலை ஈண்டு ஆராய்வோம்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் தோன்றிய இமாமவர்கள், ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்கள். 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, எஞ்சிய நேரத்தில் ஆசான் துணையின்றித் தத்துவ நூல்களைப் பயின்று, ஈராண்டுக்குள் அதன் கரையைக் கண்டதாகவும், பின்னும் ஏறத்தாழ ஓராண்டு கற்றதையே திரும்பத் திரும்பச் சிந்தித்ததாகவும் கூறுகிறார்கள். ஒரு கலையில் தலைசிறந்தவனுக்கு நிகராக அதனை அறியாதவன் அதன் குறையை அறியான் என்பது அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட நெறி.

அந்நெறிக்குச் சான்று 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா'. எதிர்த்தரப்பின் கொள்கைகளைத் திரிபின்றி எடுத்துரைக்கும் நூல் அது. 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீன் மொழிக்குச் சென்றபோது, ஐரோப்பியர் பலர் இமாமவர்களையும் தத்துவவாதிகளுள் ஒருவராகவே எண்ணிவிட்டனர்! மாற்றான் வாதத்தை அவர்கள் எத்துணை நேர்மையாக உரைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? மறுப்பு நூலான 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'விலும் அளவறிந்தே தீர்ப்பளிக்கிறார்கள். எடுத்துக்கொண்ட பிரச்சினைகள் 20. அவற்றுள் இறைமறுப்பு எனத் தீர்ப்புப் பெற்றவை மூன்றே.

'அல்முன்கித்' நூலில் தத்துவக் கலைகள் கணிதம், தர்க்கம், இயற்கையியல், இறையியல், அரசியல், ஒழுக்கவியல் என ஆறாகப் பகுக்கப்படுகின்றன. கணிதத்தின் துல்லியம் கண்டு மயங்கி, கணிதர் மார்க்கத்தைப் பற்றிச் சொல்வதையும் நம்பிவிடுபவன் ஒருவன். மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக் கிரகணக் கணக்கையும் பொய்யென்பவன் மற்றொருவன். இவனை அறிவற்ற நண்பன் என்றே இமாமவர்கள் கருதுகிறார்கள். இரத்தம் வாங்குபவனின் குவளையில் இருப்பதனால் தேன் கெட்டுவிடுமா என்று அவர்கள் காட்டும் உவமை எக்காலத்துக்கும் பொருந்தும்.

கற்றதை வாழ்வில் இறக்கிய திறத்தை 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா'வில் காணலாம். ஞானம், வீரம், தன்னடக்கம், நீதி என முன்னோர் வகுத்த நாற்பண்புகளை ஏற்று, அவற்றை அன்றாடப் பயிற்சியாக்குகிறார்கள். எழுத்தழகு வேண்டுவோன் தேர்ந்த எழுத்தாளனின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, முடிவில் அதனைத் தன் இயல்பாக்கிக்கொள்கிறான். உலோபியும் அவ்வாறே கொடுத்துக் கொடுத்துக் கொடையாளியாக வேண்டும் என்கிறார்கள். ஏட்டில் இருந்த இலக்கணம் இங்கே வீட்டுப் பழக்கமாகிறது.

ஆயினும் குறை காணாது போற்றுவது அவர்கள் கற்பித்த முறையன்று. 'அல்முன்கித்' நூலில் கலாம், தத்துவம், பாத்தினியம், தஸவ்வுஃப் என்று தேடல் படிப்படியாக ஏறுகிறது. பிற்காலத்தில் திரும்பிப் பார்த்து எழுதியமையால் வந்த ஒழுங்கு இது. வாழ்வு இத்துணைச் சீராக நடப்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 'தஹாஃபுதுத் தஹாஃபுத்' எழுதிய இப்னு ருஷ்து (1126–1198), இமாமவர்கள் இப்னு ஸீனாவின் கருத்தை அரிஸ்டாட்டிலின் கருத்தாகக் கொண்டுவிட்டார்கள் எனக் குறை கூறினார். இதனைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் தத்துவத்தையே அவர்கள் அழித்தார்கள் என்பது பிழை. தம் இறுதிக் காலத்து உஸூல் நூலான 'அல்முஸ்தஸ்ஃபா'வின் முகப்பில் தர்க்கத்தை அமர்த்தியவர்கள் அவர்களே அல்லவா?

நூலின் உயிர் இவ்வாதங்களுக்கும் அப்பால் இருக்கிறது. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) தம் போதனையின் நோக்கத்தைத் தாமே சோதித்தபோது, அங்கே இறைவனின் திருப்தியைக் காணவில்லை, புகழாசையையே கண்டார்கள். நா எழவில்லை, உணவு செல்லவில்லை. பதவியையும் பக்தாதையும் துறந்து வெளியேறினார்கள். பிறர் கொள்கையைச் சோதித்த அதே உரைகல்லில் தம் உள்ளத்தையும் உரைத்துப் பார்த்த துணிவு இது.

நம் அரபுக் கல்லூரிகளில் மன்திக் பாடமாக 'இஸாகூஜி' ஓதப்படுகிறது. அதன் விதிகள் மனனமாகின்றன. ஆனால் ஒரு கேள்வியை எதிர்கொள்ள அவை உதவுகின்றனவா? கல்லூரியிலிருந்து ஐயத்தோடு வீடு திரும்பும் பிள்ளையை, அவன் படித்த நூலைப் புரட்டியும் பாராமல் அதட்டி அடக்கினால், நாம் அந்த அறிவற்ற நண்பனின் வரிசையிலேயே நிற்போம். முதலில் அவன் கையிலுள்ள நூலை வாங்கிப் படிப்போம். அதன் பின் பேசுவோம். பேசுவதற்கேற்ப நம் வாழ்வு இருக்கிறதா என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இமாமவர்களின் பெயரைச் சொல்லும் உரிமை அப்போதுதான் நமக்கு வரும்.