கதிர்: ஒளியும் உழைப்பும்

கதிர் என்னும் சொல் ஞாயிற்றின் ஒளிக்கீற்றையும் நெற்பயிரின் மணித்தொகுதியையும் நூல் நூற்கும் இராட்டினத்தின் ஊசித்தண்டையும் ஒருங்கே குறிப்பது. கூராக நீண்டெழும் வடிவே இம்மூன்றையும் இணைக்கின்றது எனக் கருதலாம். முதலாவது விண்ணுக்குரியது, ஏனைய இரண்டும் உழுவோர், நூற்போர் கைகளுக்குரியன.

நமது முற்போக்குக் கவிதையோ பெரும்பாலும் ‘செங்கதிர்’ என முதற்பொருளையே விடியலின் குறியீடாக்கிற்று. உழைப்பவனைச் சுட்டும் பொருள்கள் நீங்கவே, அக்குறியீடு வெறும் வாய்பாடாயிற்று.

அறிவியற்றமிழில் இச்சொல் வேறு திசையில் விரிந்தது. கதிர்வீச்சு, ஈழத்துப் பாடநூல்களின் கதிர்த்தொழிற்பாடு, தமிழகத்தின் கதிரியக்கம் ஆகிய ஆக்கங்களால், 1945இல் ஹிரோஷிமா கண்ட அழிவும் இச்சொல்லின் எல்லைக்குள் வந்தது. உணவாவதும் உயிர்குடிப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்க, அது எவருடைய கதிர், எவருக்கான கதிர் என வினவாது அதனைக் கையாளுதல் கவிஞனுக்குத் தகாது.