களக்குறிப்பேடும் புனைவும்: ராஜம் கிருஷ்ணனின் தனித்தாள்களை முன்வைத்து

ராஜம் கிருஷ்ணனின் (1925–2014) நாவல்களைச் 'செய்தித்தன்மை மிக்கவை' என ஒதுக்கும் திறனாய்வு மரபு ஒன்று உண்டு. அவ்வொதுக்கல் சோதிக்கப்படாதது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நீலகிரிப் படுகர் வாழ்வையும் மலைநிலம் தேயிலைக்கு மாறியதையும் 'குறிஞ்சித் தேன்' பேசுகிறது. உப்பளத் தொழிலாளரைக் 'கரிப்பு மணிகள்' பேசுகிறது. இரண்டுக்கும் அவர் களத்திற்கே சென்றார். கேட்டதில் எதை எழுதினார், எதை விடுத்தார் என்பதைக் குறிப்பேடுகளே காட்டவல்லவை. நூலின் முன்னுரை காட்டாது. முன்னுரை வாசகருக்காகத் திருத்தப்பட்ட நினைவு.

2009இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. அது மறுபதிப்புக்கு வழி திறந்தது. கடிதங்களையும் கைப்படிகளையும் தொகுப்பது வேறு பணி. பெண்களின் ஆவணங்களுக்கென மும்பையில் 1988இல் தொடங்கப்பெற்ற 'ஸ்பாரோ' போன்ற முயற்சி தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குரியது.

தஞ்சை உழவுத் தொழிலாளரைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்' நாவலைத் திருவிடைமருதூர்ப் பகுதியில் வளர்ந்த ஒருவர் வாசிக்கையில் நடவும் கூலியும் சாதியும் ஒரே வரப்பில் நிற்பதை உடனே உணர்வார். அவ்வுணர்வு சான்றாகாது, யாருடைய வாய்மொழி அங்கே உரையாடலாயிற்று என்பதே சான்று. சில இடங்களில் பாத்திரங்கள் ஆசிரியரின் குரலில் பேசுவதை நானும் மறுக்கவில்லை.

'பாதையில் பதிந்த அடிகள்' நூலுக்காக, 1953இல் மறைந்த மணலூர் மணியம்மையின் வாழ்வை, அவரை அறிந்தோரிடம் கேட்டுக் கேட்டே அவர் மீட்டெடுத்தார். அவ்வாறு சொன்னவர்களின் சொற்கள் இருந்த தாள்களையே முதலில் தேடவேண்டும்.