பொய்ச் சாட்சிகளின் காலம்

கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' 2024 இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தபோது பழைய பாராட்டுகளும் கூடவே வந்தன. காலத்தைப் பற்றிக் காணொளிக் கலை சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை என்கிற தொனி. படைப்பின் சேதி எல்லோரும் அறிந்ததுதான். ஏறக்குறைய 12,000 திரைப்படத் துணுக்குகள், அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம் அல்லது மணி சொல்லும் ஒரு வசனம், 24 மணி நேர ஓட்டம். திரையில் மூன்று இருபது என்றால் பார்ப்பவரின் கைக்கடிகாரத்திலும் மூன்று இருபது. 2010இல் லண்டனில் முதற்காட்சி, அடுத்த ஆண்டே வெனிஸ் பியனாலேயில் தங்கச் சிங்கம்.

உழைப்பு அபாரமானது, மறுக்கவில்லை. உட்கார்ந்தால் எழ மனம் வராது என்பதும் உண்மை. ஆனால் பன்னிரண்டாயிரம் துணுக்குகளிலிருந்து கதையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடிகார முகத்தை மட்டும் வைத்துக்கொண்ட படைப்பு இது. தூக்குமேடைக்குப் போகிறவனின் 11:55ம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவளின் 11:55ம் இங்கே ஒரே எடை. எந்த ஆண்டின் 11:55 என்று யாரும் கேட்பதில்லை. முப்பதுகளின் ஹாலிவுட்டும் எழுபதுகளின் பிரான்சும் உரசலே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வரலாறு நடக்காத ஒரு நிகழ்காலம். அருங்காட்சியகங்களுக்கு இதைவிடச் சௌகரியமான காலம் கிடையாது.

பிறர் எடுத்த படச்சுருளைக் கொண்டு காலத்தை உண்மையிலேயே யோசித்தவர்களின் வரிசை வேறு. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பொய்ச் சாட்சி: சம்பவ இடத்தில் இல்லாத, சில சமயம் இன்னும் பிறந்தே இராத ஒருவரின் குரல்.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் பார்வையாளருக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொடுக்கும் வேலையில் இருந்தவர் எஸ்ஃபிர் ஷூப். ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸ'வை மறுதொகுப்புச் செய்தபோது மேசையில் அவருக்கு அருகில் இருந்து கற்றுக்கொண்டவர் ஐசன்ஸ்டீன் என்பதைப் பாடப்புத்தகங்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன. 1927இல் ஜார் குடும்பத்தின் சொந்தப் படச்சுருள்களையும் செய்திச் சுருள்களையும் தேடியெடுத்து 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி'யைத் தொகுத்தார் ஷூப். ஜார் தன் பெருமைக்காக எடுக்கவைத்த அதே காட்சி ஜாருக்கு எதிரான சாட்சியமாக மாறியது. இந்தத் துறையின் முதல் புரட்சிகர எண்ணம் அதுதான். 1936இல் ஜோசப் கார்னெல், 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற சாதாரண ஹாலிவுட் படத்தை வெட்டி, நாயகி ரோஸ் ஹோபார்ட்டை மட்டும் ஏறக்குறைய மிச்சம் வைத்து, நீலக் கண்ணாடி வழியாக ஓட்டினார். தன் மனத்தில் இருந்ததைத் திருடிவிட்டான் என்று சால்வதோர் தாலி புரொஜெக்டரையே தள்ளிவிட்ட கதை பிரசித்தம். படத்தைவிடக் கதை பிரசித்தமாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

உலகச் சரித்திரங்கள் விட்டுவிடும் ஒரு பெயரை இங்கே சேர்க்க வேண்டும். 'குமரி மலர்' ஆசிரியராகவும் பயண எழுத்தாளராகவும் நாம் அறிந்த ஏ.கே. செட்டியார், கண்டம் கண்டமாக அலைந்து காந்தி இடம்பெற்ற படச்சுருள்களில் 50,000 அடி திரட்டி, அதை 12,000 அடியாகச் சுருக்கி 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். தேடிச் சேர்ப்பவராக அவர் ஷூப்புக்குச் சற்றும் குறைந்தவரல்ல. ஆனால் அவருடைய நோக்கம் அஞ்சலி. படம் காட்டுவதையே குரலும் சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டுக்கும் நடுவே சந்தேகம் நுழைய இடமில்லை. அந்தப் படமே காணாமல்போய், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் ஒன்று ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்காவில் அகப்பட்டது காலம் செய்த தனி விளையாட்டு.

அடுத்து புரூஸ் கானர். 'எ மூவி' (1958) பன்னிரண்டு நிமிடப் பேரழிவுச் சிரிப்பு. பிகினி தீவின் 1946 அணுகுண்டுச் சோதனைக் காட்சிகளை மெதுவாக, திரும்பத் திரும்ப ஓட்டும் 'கிராஸ்ரோட்ஸ்' (1976) பயங்கரமான அழகு. எனக்கு அந்த அழகில் கொஞ்சம் அவநம்பிக்கையும் உண்டு. கியூபாவின் சாந்தியாகோ அல்வாரெஸ் 1965இல், அமெரிக்க இனவெறியின் புகைப்படங்களையும் செய்திப் படங்களையும் லீனா ஹோர்ன் பாடிய ஒரே பாடலின் மேல் அடுக்கி 'நவ்!' செய்தார். ஆறு நிமிடம், அறை விழுந்ததுபோல. கி தெபோர் தன் புத்தகத்தையே 1973இல் படமாக்கி, விளம்பரங்களின் மேல் கோட்பாட்டைப் படித்துக் காட்டினார். புத்தகமே போதும்.

இவர்கள் எல்லோரிடமும் காட்சி எதிரிக்கு எதிராகத் திருப்பப்படுகிறது. காலம் மட்டும் திரும்புவதில்லை. அதைத் திருப்பியவர் கிறிஸ் மார்க்கர்.

1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸைப் படமெடுக்கப் போன மார்க்கரின் கேமராவில் சிலி நாட்டுக் குதிரையேற்ற வீரர் ஒருவர் பதிவானார். நேர்த்தியாகத் தடை தாண்டினார், அணிக்கு வெள்ளி கிடைத்தது, அவ்வளவுதான். 1973இல் அயெந்தேயைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பிடித்த நால்வர் குழுவில் பினோசேயின் பக்கத்தில் நின்ற செசார் மெந்தோசா அதே மனிதர். இருபத்தைந்து ஆண்டு கழித்து, அறுபதுகளின் புரட்சி அலை எழுந்து சரிந்ததைப் பற்றிய 'பூனையில்லாத புன்னகை' (1977) படத்தில் அந்தக் குதிரையை மறுபடி ஓடவிடுகிறார் மார்க்கர். காட்சியில் ஒரு சட்டம்கூட மாறவில்லை. ஆனால் அழகான அந்தத் தாண்டல் இப்போது வயிற்றைப் பிசைகிறது. எடுக்கும்போது எதை எடுக்கிறோம் என்பது எடுப்பவனுக்கே தெரியாது; பிறகு வருகிறவன்தான் அதைச் சொல்ல முடியும். மற்ற இயக்குநர்களும் போராட்டக் குழுக்களும் கழித்துப்போட்ட துண்டுகளால் பெருமளவு கட்டப்பட்ட நான்கு மணி நேரப் படம் அது. சோவியத் ஒன்றியம் மறைந்த பிறகு அதே படத்தைச் சுருக்கி, புதிய முடிவுரை எழுதிச் சேர்த்தார். தோல்வியைப் பற்றிய படத்துக்கே ஒரு தோல்வி நேர்ந்து, அதையும் படத்துக்குள் எழுதினார். 'தி கிளாக்' எந்த ஆண்டில் ஓடினாலும் அதே 'தி கிளாக்'தான்.

'சான் சொலேய்' (1983) இன்னும் ஒரு படி மேலே. சாண்டோர் க்ராஸ்னா என்ற கேமராக்காரர் உலகமெங்கும் அலைந்து கடிதம் எழுதுகிறார். திரையில் தோன்றாத ஒரு பெண் அவற்றைப் படிக்கிறாள். க்ராஸ்னா என்று யாரும் கிடையாது. இசையமைத்ததாகக் காட்டப்படும் மிஷேல் க்ராஸ்னாவும் கிடையாது. கதை சொல்லத் தெரிந்தவரின் குறும்பு என்று இதைக் கடந்துவிடுகிறவர்கள் கினி-பிஸ்ஸாவ் பகுதியைக் கவனிக்கவில்லை என்றுதான் சொல்வேன். 1980 பிப்ரவரியில், விடுதலைப் போராட்டத்தின் பழைய படைவீரர்களுக்கு அதிபர் லூயிஸ் கப்ரால் பதவிச் சின்னம் சூட்டும் விழா. மேஜர் நினோ அழுகிறார். காட்சியை எடுத்தவர் ஜான்-மிஷேல் யூமோ. தோழமையின் கண்ணீர் என்றே யாரும் நினைப்போம். அந்த ஆண்டு முடிவதற்குள் நினோ ஆட்சியைக் கவிழ்த்தார், கப்ரால் சிறையில். அந்த விழா தன்னைப் போதிய அளவு உயர்த்தவில்லை என்ற புண்பட்ட கண்ணீர் அது என்று கடிதம் சொல்கிறது. இல்லாத ஒருவர் எழுதிய கடிதம், இருந்த ஒருவரின் கண்ணீரைச் சரியாக வாசிக்கிறது. ஒரு செய்தி வாசிப்பாளர் அந்த இடத்தில் தேதியோடு தகவல் சொல்லியிருப்பார். தகவல் சரியாகவே இருந்திருக்கும், காலம்தான் அசைந்திருக்காது. க்ராஸ்னா ஏமாந்தவர். அந்தப் புரட்சியை நம்பியவர். அதனால்தான் அவர் குரலில் அந்த விழா ஒரே சமயத்தில் நடந்துகொண்டும் முடிந்தும் இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தில் ஐஸ்லாந்துச் சாலையில் மூன்று குழந்தைகள், 1965. முடிவுக்குச் சற்று முன், எரிமலை ஆய்வாளர் ஹரூன் தாசியேஃப் எடுத்த காட்சி: அதே ஊரின் வீடுகள் சாம்பலில் புதைந்துகொண்டிருக்கின்றன. மார்க்கரின் சொந்தப் படமும் இன்னொருவரின் படமும் மோதும் அந்த இடத்துக்கு நிகராக இந்தத் துறையில் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

லண்டனுக்கு வருவோம். பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவின் 'ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்' (1986), பர்மிங்காமின் 1985 கலவரத்தை, கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பழைய செய்திச் சுருள்களோடு பின்னியது. மக்களின் கதை எங்கே என்று 'கார்டியன்' நாளிதழில் சல்மான் ருஷ்டி சாடினார். ஸ்டூவர்ட் ஹால் பதிலடி கொடுத்தார். அன்று ஹால் பக்கம் நின்றவர்களின் கை ஓங்கியது, எனக்கும் அதில் ஒப்புதலே. ஆனாலும் ருஷ்டியின் கேள்வியில் இருந்த முள்ளை அந்தக் குழுவே உணர்ந்திருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து அக்குழுவின் ஜான் அகோம்ஃப்ரா எடுத்த 'தி லாஸ்ட் ஏஞ்சல் ஆஃப் ஹிஸ்டரி'யில் (1996) எதிர்காலத்திலிருந்து ஒரு தரவுத் திருடன் வருகிறான். கறுப்பு இசையின் இடிபாடுகளில், சன் ராவிலும் ஜார்ஜ் கிளிண்டனிலும், ஒரு திறவுகோலைத் தேடுகிறான். ஆவணப்படம் அங்கேதான் கதையாகிறது. கறுப்பினத்தாரின் கடந்த காலம் களவாடப்பட்டிருந்தால், அதை எதிர்காலத்திலிருந்து வந்து திருடித்தான் மீட்க வேண்டும் என்பது அந்தப் படத்தின் துணிச்சல்.

அந்தப் படத்தில் பேசியவர்களில் ஒருவர் கோட்வோ எஷுன். 2002இல் அஞ்சலிகா சாகருடன் சேர்ந்து அவர் தொடங்கியது ஓட்டோலித் குழு. 'ஓட்டோலித் I' (2003) படத்தில் பேசுகிறவர் இருபத்திரண்டாம் நூற்றாண்டின் உஷா அதெபரன்-சாகர், அஞ்சலிகாவின் வருங்கால வம்சத்தவர். நீண்டகால விண்வெளி வாழ்க்கையால் காதுக்குள் சமநிலை காக்கும் நுண்கற்கள் மாறிப்போன மனிதர்கள் இனி பூமியில் நிற்க முடியாது. பூமியை ஆவணக் காட்சிகள் வழியாகத்தான் அறிய முடியும். அவர் பார்க்கும் காட்சிகளில் 2003 பிப்ரவரியில் ஈராக் போரை எதிர்த்து லண்டன் தெருக்களை நிறைத்த கூட்டம் இருக்கிறது. முதல் விண்வெளிப் பெண் வாலெந்தினா தெரெஷ்கோவாவை இந்தியப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த அஞ்சலிகாவின் பாட்டி சந்தித்த நிகழ்வும் இருக்கிறது. போரை நிறுத்த முடியாத ஒரு ஊர்வலம், நிற்கவே முடியாத ஒருத்தியின் ஏக்கப் பொருளாகிறது. தொடரின் மூன்றாம் படம், சத்யஜித் ராய் எழுதி எடுக்க முடியாமல்போன 'தி ஏலியன்' திரைக்கதையைச் சுற்றியது. எடுக்கப்படாத படத்தையும் கண்டெடுத்த காட்சியாகக் கருதலாம் என்ற எண்ணமே தனிச் சாதனை. படம் அந்த அளவுக்கு எழவில்லை.

என் வாதத்தோடு இடிக்கும் ஒரு படம் உண்டு: ஹாருன் ஃபரோக்கியும் ஆந்த்ரே உஜிகாவும் தொகுத்த 'ஒரு புரட்சியின் காணொளிக் குறிப்புகள்' (1992). 1989 டிசம்பர் ருமேனியா. மேடையில் பேசிக்கொண்டிருக்கும் சௌசெஸ்கு, கூட்டத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் தடுமாறுகிறார். நேரலை அறுந்து வெற்றுத் திரை. அங்கிருந்து தொலைக்காட்சி நிலையமே புரட்சியின் களமாகிறது. இதில் கற்பனைப் பாத்திரம் கிடையாது, நிதானமான ஒரு விளக்கக் குரல் மட்டும். இருந்தும் மகத்தான படம். நேரலையே தன்னைப் பொய்யென்று காட்டிவிட்ட சந்தர்ப்பத்தில் வெளியிலிருந்து இன்னொரு பொய் தேவைப்படவில்லை என்பது என் சமாதானம். அந்தச் சமாதானம் எல்லாருக்கும் போதாமலிருக்கலாம்.

பெரிய ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. மார்க்கருக்குப் பிறகு பியனாலேக்களில் ஒரு முணுமுணுப்புப் பாணி பரவிவிட்டது. இருட்டறை, மங்கிய காலனியச் சுருள், மேலே ஒரு பெண்குரல் நினைவையும் மறதியையும் பற்றி மந்தமாக எதையாவது சொல்லிக்கொண்டே போகும். கடிதம் யார் எழுதியது, அவர் எதை இழந்தார், எந்தச் சாதி, எந்தக் கட்சியில் இருந்து வெளியேறினார், ஒன்றும் தெரியாது. எதையும் பணயம் வைக்காத பொய்ச் சாட்சி வெறும் அலங்காரம்.

பணயம் இருந்தால் குரலைக்கூடக் கண்டெடுக்கலாம். நயீம் முஹைமனின் 'யுனைடெட் ரெட் ஆர்மி' (2011), 1977இல் ஜப்பானிய செம்படையினர் கடத்தி டாக்காவில் இறக்கிய விமானத்தைப் பற்றியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒலிநாடாக்கள் ஓட, பெரும்பகுதி திரை கறுப்பு, எழுத்துகள் மட்டும். கடத்தல்காரரும் பேச்சுவார்த்தை நடத்தும் விமானப்படைத் தளபதியும் ஆங்கிலத்தில் தடவித் தடவி, நாள்கணக்கில், மரியாதையாகப் பேசுகிறார்கள். நடுவே விமான நிலையத்திலேயே இராணுவக் கலகம் வெடிக்கிறது. உலகப் புரட்சி வேறொருவர் நாட்டில் தரையிறங்கி, அந்நாட்டின் சொந்த ரத்தத்தை ஏறிட்டும் பார்க்காமல் பறந்துபோகிறது. இதைச் சொல்லும் கதைசொல்லி, வழக்கமாக வரும் தன் தொலைக்காட்சித் தொடர் வரவில்லையே என்று எரிச்சலோடு காத்திருந்த எட்டு வயதுச் சிறுவன். முஹைமனே அந்தச் சிறுவன் என்றாலும், படத்தில் அவன் கதாபாத்திரமாகத்தான் நிற்கிறான்.

பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' (2021) கேன் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றபோது, ஆவணம் என்ற வகைப்படுத்தலைக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். புனே திரைப்படக் கல்லூரி விடுதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கடிதங்கள், 'எல்' என்ற மாணவி பிரிந்துபோன காதலனுக்கு எழுதியவை. முழுக் கற்பனை. அவற்றின் கீழே ஓடுபவை நிஜம்: தலைவர் நியமனத்தை எதிர்த்து 2015இல் 139 நாள் நடந்த வேலைநிறுத்தம், ரோஹித் வெமுலாவின் மரணத்துக்குப் பிந்தைய போராட்டங்கள், 2019 டிசம்பரில் ஜாமியா நூலகத்துக்குள் காவலர்கள் மாணவர்களை அடிக்கும் கண்காணிப்புக் கேமராப் பதிவு. சாட்சியம் தேவைப்படும் காலத்தில் அதில் கற்பனையைக் கலப்பது எதிரிக்கு வாய்ப்புக் கொடுப்பதாகாதா என்ற ஆட்சேபம் லேசானதல்ல. ஆனால் படம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். காதலன் பிரிந்தது சாதியால். வீட்டார் பூட்டிவைத்தார்கள், அவன் எதிர்த்து நிற்கவில்லை. ரோஹித்தின் பெயர் படத்துக்குள் வருவதற்கு வெகு முன்பே சாதி அந்த விடுதி அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. போராட்டக் காட்சிகளை மட்டும் வரிசைப்படுத்தியிருந்தால் அது செய்தியாக வந்து செய்தியாகப் போயிருக்கும். எல்லின் கடிதம் அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கையைக் கொடுக்கிறது. கோஷம் போடும் கூட்டத்தில் தன் காதலனைப் போன்ற கோழைகளும் இருப்பார்கள் என்று அறிந்தவளின் குரல் அது. அந்தச் சந்தேகம்தான் படத்தை மேடைப் பேச்சாகாமல் காக்கிறது.

இந்தத் திசையில் தமிழில் செய்ய வேண்டியது மலைபோல் கிடக்கிறது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திச் சுருள்களைத் திரையரங்குகள் கட்டாயமாகத் திரையிட்டன. அணை திறப்பு, தொழிற்சாலை திறப்பு, வெள்ள நிவாரணம், எல்லாவற்றுக்கும் கம்பீரமான ஓர் ஆண்குரல், எப்போதும் நிகழ்காலத்தில், எப்போதும் நிச்சயத்தோடு. படம் தொடங்கவில்லையே என்று முணுமுணுத்தபடி நம் பெற்றோர் அதைப் பார்த்தார்கள். ஒலியை அணைத்துவிட்டு அதே சுருளை ஓட்டி, அணைக்குள் மூழ்கிய ஊரிலிருந்து கிளம்பியவளின் பேத்தி 2090இல் எழுதும் கடிதத்தை அதன் மேல் படித்துப் பார்க்கட்டும் யாராவது. பேத்தி எந்தத் தெருவில் இருந்து கிளம்பிய குடும்பம், ஊர்த்தெருவா சேரியா, இழப்பீடு யார் கைக்குப் போனது என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.