இன்டர்னல் போடுகிறவரிடம் எதைச் சொல்வது?

பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் துறைத் தலைவரின் பீரோவைத் திறந்தால் ஒரே மாதிரி அட்டை போட்ட நோட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஓரிடத்தில் அதற்குப் பெயர் மென்டர் டைரி, இன்னோரிடத்தில் டியூட்டர் வார்டு ரெக்கார்டு. உள்ளே மாணவரின் பெயர், ரத்த வகை, அப்பா செய்யும் வேலை, ஆண்டு வருமானம், விடுதியா வீட்டிலிருந்து வருகிறாரா, எத்தனை அரியர் என்ற விவரங்கள். கடைசிப் பக்கத்தில் ‘மாணவர் தெரிவித்த பிரச்சினை’, ‘எடுத்த நடவடிக்கை’ என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் அநேகமாக ‘இல்லை’ என்றிருக்கும். கொஞ்சம் மெனக்கெட்டவராக இருந்தால் இரண்டாவதில் ‘நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதியிருப்பார். ஜூலையிலிருந்து மார்ச் வரைக்குமான கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால், தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் போட்டவை என்று புரிந்துகொள்ளலாம்.

கேலி செய்ய வசதியான விஷயம்தான். ஆனாலும் நம் கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லூரிக்குள் கிடைக்கிற ஒரே மனநல ஏற்பாடு இந்த நோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆசிரியர்தான். ஒரு ஆசிரியருக்கு இருபது, இருபத்தைந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்து, படிப்பு முதல் வீட்டுக் கஷ்டம் வரை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நாக் அமைப்பு, இத்தனை மாணவருக்கு ஒரு வழிகாட்டி என்ற விகிதத்தைக் கேட்டுவந்திருக்கிறது. கேட்டதால் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. இது எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே உடைகிறது என்று நிறுத்துப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 1,416. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த எண்ணிக்கை இது.

இந்த ஏற்பாடு யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று பார்க்க, பழனிமலைத் தொடரின் கீழ்மலைக்குப் போகலாம். ஆடலூர் போன்ற ஓர் ஊரிலிருந்து படிக்க வரும் பெண், பன்றிமலை வழியாகத் தர்மத்துப்பட்டிக்கு இறங்கி அங்கிருந்து திண்டுக்கல் போக வேண்டும். தினமும் போய்வர முடியாது, விடுதிதான். வீட்டில் காபியும் மிளகும் கொஞ்சம் மலைவாழையும் இருக்கலாம், அல்லது யாரோ ஒருவரின் தோட்டத்தில் கூலி வேலையாக இருக்கலாம். காபிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடிக்கும். கல்லூரியில் செமஸ்டர் தேர்வு நடப்பதும் நவம்பரில்தான். பறிப்புக்குக் கை போதவில்லை என்று வீட்டிலிருந்து போன் வந்தால் அவள் பத்து நாள் மலையேறிவிடுவாள். திரும்பும்போது வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்கும். கண்டொனேஷன் என்ற பெயரில் அபராதம் கட்ட வேண்டும். இன்னும் குறைந்திருந்தால் தேர்வே எழுத முடியாது. தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்தவளுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள் என்பதால், அரியர் என்றால் என்ன, கண்டொனேஷன் என்றால் என்ன என்று அம்மாவிடம் விளக்கவே முடியாது.

2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு; இந்தியா முழுமைக்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவளைப் போன்றவர்கள்.

இவள் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை என்பதை முதலில் கவனிக்கப்போவது யார்? மனநல மருத்துவர் இல்லை, உதவி எண்ணும் இல்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்தான். மென்டர் முறையின் அசல் பலம் இதில் இருக்கிறது, இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எந்த அறைக்கும் போக வேண்டியதில்லை, யாரிடமும் நேரம் கேட்க வேண்டியதில்லை. ‘கவுன்சலிங்’ என்பது நம் கல்லூரிகளில் பாதி தண்டனையாகவே புழங்குகிறது. வகுப்பில் சண்டை போட்டவனை ‘கவுன்சலிங்குக்கு அனுப்பு’ என்பார்கள். ஆனால் மிஸ் கூப்பிடுகிறார் என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், இந்தப் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தில் கணிசமான பகுதிக்கு மருந்து ஒரு கையெழுத்தாகவோ ஒரு போன் காலாகவோ இருக்கிறது. உதவித்தொகை வரவில்லை, சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீசில் நிற்கிறது, விடுதிக் கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் தீர்த்துவைக்கிற ஆசிரியர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தன் பையிலிருந்து கட்டணம் கட்டுகிறவர்களும் உண்டு. அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. அதை நலத்திட்டப் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் மனநலப் பட்டியலிலும் சேர்ப்பேன்.

இனி உடைகிற இடம்.

மென்டராக உட்கார்ந்து ‘என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கே?’ என்று கேட்பவரே மறுநாள் இன்டர்னல் மதிப்பெண் போடுகிறார். நூறில் இருபத்தைந்து அவர் கையில். டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், வருகை எல்லாம் சேர்ந்தது அந்த இருபத்தைந்து. கஞ்சா பழக்கத்தைப் பற்றியோ, வேறு சாதிப் பையனோடு பழகுவதைப் பற்றியோ, இன்னொரு ஆசிரியர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ இந்த நிலையில் எந்த மாணவி வாய் திறப்பாள்? ‘ஒண்ணுமில்ல மிஸ், தலைவலி’ என்றுதான் சொல்வாள். நோட்டில் ‘இல்லை’ என்று எழுதிய ஆசிரியரைச் சோம்பேறி என்று சொல்வதற்குமுன் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பதில் பல நேரங்களில் உண்மையாகவே அவருக்குக் கிடைத்த பதில்.

அடுத்தது வீட்டுக்குப் போன் போடும் வழக்கம். பிரச்சினை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் கல்லூரிக்குத் தெரிந்த ஒரே தீர்வு பெற்றோரை வரவழைப்பது. பையனாக இருந்தால் அப்பா வந்து திட்டிவிட்டுப் போவார். பெண்ணாக இருந்தால், அதுவும் மலையிலிருந்து வந்தவளாக இருந்தால், பல வீடுகளில் அந்தப் போனோடு படிப்பு முடிந்துவிடும். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுகிறவரின் விஷயங்கள் வெளியே போகக் கூடாது என்ற உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விலக்குகளையும் சொல்கிறது. அந்தக் கடமை சிகிச்சை தருகிறவர்கள் மேல்தான். தமிழ்த் துறை ஆசிரியருக்கோ வணிகவியல் ஆசிரியருக்கோ அப்படி எந்தக் கட்டும் கிடையாது. எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அவர் எழுதிய நோட்டு துறைத் தலைவர் மேசையில் திறந்து கிடக்கும். குழு வந்தால் குழுவும் புரட்டும்.

ஆசிரியரைப் பயிற்றுவித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. நானும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்திருப்பேன், பீகார் ஆய்வைப் படிக்காமல் இருந்தால். நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ‘செஹெர்’ என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வந்தன. ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரும், சில பள்ளிகளில் இதற்கென்றே நியமித்த, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத சாதாரண ஆலோசகரும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன, அடிதடியும் மிரட்டலும் குறைந்தன, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், எதுவும் செய்யாத பள்ளிகளோடு ஒப்பிட்டால், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் பதினோராயிரத்துச் சொச்சம் மாணவர்களிடம் நடந்த ‘செயில்’ ஆய்வும் (லான்செட், 2015) இதே திசையில்தான் கை காட்டியது. ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண ஆசிரியர்களைப் பழக்கிய பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் குறிப்பிடும்படி குறையவில்லை. மாணவர்களிடமே நேரடியாகப் பேசி, நடித்துப் பார்த்து, விவாதித்த பள்ளிகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இரண்டுமே பள்ளி ஆய்வுகள். திண்டுக்கல் கல்லூரிக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி ஆசிரியரின் நிலைமை பள்ளி ஆசிரியரைவிட மேலாக இல்லை. அட்மிஷன், நாக் கோப்பு, தேர்வுப் பணி என்று அவர் நாள் போய்விடுகிறது. அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் பெரும்பங்கு கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவரிடம் போய், நாளையைப் பற்றிப் பயமாக இருக்கிறது என்று ஒரு மாணவன் சொன்னால், அவர் என்ன ஆறுதல் சொல்வார் பாவம்.

என் கணக்கில், மென்டர் முறையின் தவறு அதைச் செய்கிற ஆட்களிடம் இல்லை; இரண்டு வேலைகளை ஒரே தலையில் கட்டியதில் இருக்கிறது. கவனிப்பது ஒரு வேலை. யார் வரவில்லை, யார் சாப்பிடப் போவதில்லை, யார் திடீரென்று பின் பெஞ்சுக்கு மாறிவிட்டார் என்பதை ஆசிரியரைவிட நன்றாக யாராலும் கவனிக்க முடியாது. கேட்பது இன்னொரு வேலை. அதை மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சம்பந்தப்படாத ஆள்தான் செய்ய வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்தபோது இறந்த பதினேழு வயது மாணவியின் வழக்கில், இந்தத் திசையில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு கொடுத்த பதினைந்து வழிகாட்டுதல்களில் ஒன்று: நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் குறைந்தது ஒரு தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியே உள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் நூறு பேர் படிக்கும் இடத்துக்கும் குறைந்தது ஒருவர், மூவாயிரம் பேர் படிக்கும் இடத்துக்கும் குறைந்தது ஒருவர். நம் நிர்வாகங்களுக்குக் ‘குறைந்தது’ என்ற சொல் எப்படிப் படும் என்று தெரியாதவர் யார்? உளவியல் துறை ஆசிரியர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் ஆலோசகர் தயார். அவரும் இன்டர்னல் போடுகிறவர்தான்.

உதவி எண்கள் இருக்கின்றனவே என்பார்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அதே 14416 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். மதிப்பெண்ணும் போடாது, அப்பாவையும் கூப்பிடாது என்ற வகையில் நான் மேலே சொன்ன குறைக்கு இது நேரடிப் பதில்தான். எல்லாக் கல்லூரி அடையாள அட்டையின் பின்புறமும் அந்த எண் அச்சாக வேண்டும். ஆனால் எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் நின்று யாரும் இதையெல்லாம் போனில் பேசிவிட முடியாது; விடுமுறைக்கு மலைவீட்டுக்குப் போனால் சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேட வேண்டும். கல்லூரிக்குள் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையும், போனும் ஒதுக்கிக் கொடுப்பது அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

2022 டிசம்பரில் மாநில அரசு ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியபோது முதலில் போனது அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு. அங்கே மனநல மருத்துவத் துறை ஏற்கெனவே இருக்கிறது, தொடங்குவது சுலபம். அதே ஆண்டு சனவரியில் திறந்த பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த மருத்துவமனைக்கும் பக்கத்துக் கலைக் கல்லூரிக்கும் இடையே எழுத்தில் ஓர் ஏற்பாடு இருந்தால், ஆடலூர்ப் பெண்ணை ‘டாக்டரைப் போய்ப் பாரு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கிழமை, எந்த அறை, யாரிடம் என்று சொல்லி அனுப்ப முடியும்.

பேச்சால் தீராததும் நிறைய இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதை வலியுறுத்தி வந்தார்கள். ஒரு கால அட்டவணையை மாற்றியதுதான். ஆயிரம் அறிவுரைக் கூட்டங்கள் செய்யாததை அது செய்தது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் இருக்கும் நீண்ட இடைவெளிதான் பிள்ளைகளைத் தின்கிறது என்பதைக் கண்டுகொண்ட சீர்திருத்தம் அது. கல்லூரிகளில் உடனடித் தேர்வு என்பது பெரும்பாலும் இறுதியாண்டில் ஒரு தாள் பாக்கி உள்ளவருக்கு மட்டுமே. முதல் செமஸ்டரில் நான்கு தாளில் தோற்கிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை; அவர்களில் பலர் இரண்டாம் செமஸ்டருக்குத் திரும்புவதே இல்லை.

ஆகவே மென்டர் நோட்டை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தின் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்துவிடச் சொல்வேன். மாணவரின் மனக்கஷ்டத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்வது மாணவருக்கும் நல்லதில்லை, ஆசிரியரைப் பொய் எழுதவும் வைக்கிறது. வராதவரைத் தேடுவது, உதவித்தொகையைத் துரத்துவது, ஆலோசகரின் அறை வரை கூட நடந்து போவது ஆகியவற்றோடு அவர் வேலை நிற்கட்டும். அறுவடைக் காலத்துக்கு மலைப்பிள்ளைகளின் வருகைக் கணக்கில் ஒரு சலுகையையும் கல்விக்குழு யோசிக்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு ஓடி (ஆன் டூட்டி) கொடுக்கிற கல்லூரிகள்தானே இவை. மதுரையிலும் திருச்சியிலும் ஆண்டுதோறும் சமூகப்பணி முதுகலை முடித்து வெளியே வருகிறவர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்நூறு மாணவருக்கு ஒருவர் என்று எடுத்தாலும், மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கும் ஆறு பேர்தான் ஆகும். அவர்களை நிரந்தரப் பணியிடத்தில், முதல்வரின் கீழ் இல்லாமல் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நியமிப்பதற்கு நிதித்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். தொகுப்பூதியத்தில் இன்னொரு கௌரவ ஆலோசகர் என்று தொடங்கினால் அவரும் இரண்டே வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார், மாணவி சொன்ன கதையைப் புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.