அவரே எழுதியது: அமெரிக்கக் கறுப்பினத் தன்வரலாறுகளின் மூன்று போக்குகள்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தன்வரலாறுகளில் பெரும்பாலானவை ஊர்விட்டு ஊர் போன கதைகள். உயிருக்கு அஞ்சித் தப்பியவர்களும் பிழைப்புத் தேடி ரயிலேறியவர்களும் அவற்றை எழுதினார்கள். தன் வாழ்வில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்யும் உரிமைக்காக எல்லோருமே போராடினார்கள். அந்த உரிமை எந்த அளவுக்கு எழுதியவரின் கையில் இருந்தது என்பதே இந்த மரபுக்கு உரைகல்.

முதலாவது சாட்சியப் போக்கு. பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட நூலின் முகப்பிலேயே ‘அவரே எழுதியது’ என்று அச்சிட வேண்டியிருந்தது. அடிமையாக இருந்தவர் இப்படி எழுதுவார் என்பதைப் பலர் நம்பவில்லை. வெள்ளையரான வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும் வெண்டல் பிலிப்ஸின் கடிதமும் நூலுக்குப் பிணை நின்றன. 1855இல் வந்த இரண்டாம் தன்வரலாற்றுக்கு அறிமுகம் எழுதியவரோ கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித். 1838இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய வழியை டக்ளஸ் இந்த இரு நூல்களிலும் வெளியிடவில்லை. வெளியிட்டால் உதவியவர்கள் சிக்குவார்கள், பின்னால் வருவோருக்கு வழி அடைபடும். மாலுமி ஒருவரின் சான்றிதழைக் கடன்வாங்கி ரயிலேறியதை, அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1881இல் வந்த நூலில்தான் விரித்துரைத்தார். இந்த மரபின் மிக உயர்ந்த பக்கங்களில் அவர் எழுதாமல் வைத்திருந்த பக்கமும் ஒன்று.

இதே போக்கில், ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் தன் வரலாற்றைப் புனைபெயரில் வெளியிட்டார். எஜமானனின் பாலியல் தொல்லையையும், பாட்டி வீட்டுக் கூரையடியில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்ததையும் மறைக்காமல் சொன்னார். பலர் அதைக் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் ஆவணங்களைத் தேடி அதன் உண்மையை நிறுவியது 1980களில்தான்.

இரண்டாவது வடக்குப் பயணப் போக்கு. 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’ 1945இல் வந்தபோது, தெற்கை விட்டு அவர் கிளம்புவதோடு முடிந்தது. சிகாகோ வாழ்க்கையைச் சொன்ன இரண்டாம் பகுதியை ஒரு நூல் சங்கத்தின் விருப்பத்துக்காக நீக்கியிருந்தார்கள். அது 1977இல் தனி நூலாக வந்தது. இரு பகுதிகளும் 1991இல் ஒன்றுசேர்ந்தன. வடக்கே போனால் விடியும் என்று நம்ப விரும்பிய வாசகரிடமிருந்து, அங்கும் தொடர்ந்த அவமதிப்பின் கதை இரண்டாம் பகுதியோடு மறைக்கப்பட்டது. இது பதிப்புலகின் அநீதி.

மூன்றாவது, ‘நான் யார்’ என்பதை எழுத்திலேயே தேடும் போக்கு. ஜோரா நீல் ஹர்ஸ்டன் அலபாமாவில் பிறந்தவர். 1942இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தான் வளர்ந்த ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லையே பிறந்த ஊராகக் காட்டினார். கறுப்பினத்தவர் தாமே நிறுவி ஆண்ட ஊர் அது. தகவல் பிழை என்று அதைக் குறிக்கத்தான் வேண்டும். அவர் எந்த மண்ணுக்கு உரியவராக வாழ விரும்பினார் என்பதற்கும் அதுவே சான்று. மாயா ஏஞ்சலோ 1969இல் தொடங்கி ஏழு நூல்களில் தன் வாழ்வை எழுதினார். குழந்தையாகத் தான் அடைந்த வன்கொடுமையை முதல் நூலிலேயே சொன்னார்.

இந்நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் முன்னுரைகளையும் சான்றுக் கடிதங்களையும் நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்தே பதிப்பிக்க வேண்டும். எதைச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமைக்கான போராட்டத்தின் பாதி வரலாறு அவற்றில்தான் இருக்கிறது.